ஒல்லாந்துக்குப் போகும் சூசையப்பர்

தம்பி,

ஃபோன் எடுத்தால் வொயிஸ்மெயிலுக்குப் போகிறது. வட்ஸ்அப்பில் நாலு வரி எழுதினால் ஒரு பெருவிரல் மட்டும் திரும்பி வருகிறது. ஒரு பெருவிரலைப் பார்த்துப் பிள்ளை சாப்பிட்டதா, நித்திரை கொண்டதா, கோபம் ஆறியதா என்று எந்தத் தாயால் கண்டுபிடிக்க முடியும்? அதனால்தான் பேனையை எடுத்தேன். நாளைக்கு வேலை முடிந்ததும் கென்னடியில் சப்வே ஏறி, பிறகு பஸ் மாறி, ரெக்ஸ்டேலில் உன் சிநேகிதன் கௌதமின் பேஸ்மென்ற் வாசலில் இதைச் சாப்பாட்டுப் பையோடு வைத்துவிட்டு வருவேன். கதவைத் தட்ட மாட்டேன், பயப்படாதே. இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் இருக்கும், கௌதமுக்கும் கொடு. கடிதத்தையும் அவன் வாசித்தால் வாசிக்கட்டும். ஒளிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் நடந்தது கீழ் மாடி றோஸ் அன்ரிக்கு அன்றைக்கே தெரியும், றோஸ் அன்ரிக்குத் தெரிந்தால் எங்கள் டோர்செட் பார்க் முழுவதற்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உனக்கு ஒல்லாந்துக்கு விமானம். இன்றைக்கு வியாழன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்று கரட் வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன். பெரிய காயம் இல்லை, பிளாஸ்ரர் போட்டாயிற்று. மனம் வேலையில் இல்லை. அங்கே ஓயாமல் மழையாம், நல்ல சப்பாத்து இருக்கிறதா? உளிகளைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் பிடிபட்டுவிடுவாயோ? சைக்கிளில்தான் எல்லோரும் போவார்களாம், உனக்குச் சின்ன வயதிலேயே சைக்கிள் சரிவரவில்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. இவையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பயங்கள். சொல்ல முடியாத பயம் ஒன்றுதான். அப்பா விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்கிறார். நீ வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாய். நீங்கள் இருவரும் ஒரு சொல் பேசாமல் பிரிந்துவிடுவீர்கள், அந்தப் பேசாமை அப்படியே இறுகிப்போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அந்தச் செபமாலை மணிதான் காரணம். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். டண்டாஸ் வீதியில் இருக்கிற பெரிய ஓவியக் கூடத்துக்கு உன்னைக் கூட்டிப் போனேன். கலையை வளர்க்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை, வெளியே குளிர், அன்றைக்குப் பின்னேரம் உள்ளே சும்மா போகலாம் என்று யாரோ சொன்னார்கள். நீ கப்பல் மாதிரிகளைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றாய், பிறகு நகரவே இல்லை. சாதிக்காய் அளவில் ஒரு மரமணி, இரண்டாகத் திறந்திருந்தது. உள்ளே ஆண்டவருடைய பாடுகள் முழுவதும் செதுக்கியிருந்தது. குதிரை, ஈட்டி, அழுகிற பெண்கள், ஒருத்தியின் தலைமுக்காட்டின் மடிப்புக்கூடத் தெரிந்தது. பெயின்ற் ஒரு துளி இல்லை, வெறும் மரம். நீ மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் கண்ணாடி புகார் படிந்து மங்கியது. காவலுக்கு நின்றவர் உன்னைப் பின்னுக்குப் போகச் சொன்னார், நீ போய்விட்டுத் திரும்ப வந்தாய். எழுதியிருந்ததை நான் வாசித்தேன். செபமாலையில் கோத்துக்கொள்ளச் செய்த மணி, ஐந்நூறு வருடங்களுக்கு முந்தியது, செய்தவர்கள் ஒல்லாந்தர்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஸ்ட்ரீற்காரில் வரும்போது உனக்குச் சொன்னேன், "உவங்களோ? உவங்கள்தானே எங்கட செபமாலையளைப் பறிச்சவங்கள்." யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் பிடித்தபோது எங்கள் கோயில்களைப் பூட்டியது, குருமார் மாறுவேடத்தில் வந்து ஒளித்துப் பூசை வைத்தது, மடுமாதாவின் சொரூபத்தைச் சனம் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தக் கதையைப் போன கிழமை நடந்ததுபோலத்தான் சொல்வார்கள். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப ஏன் அம்மா, அவங்களே செபமாலைக்குள்ள இவ்வளவு வடிவாச் செதுக்கினவங்கள்?" என்றாய். நீயே பிறகு படித்துச் சொன்னாய்: மணி செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் மதம் மாறியது, அவர்களே சுத்தியலோடு தங்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளின் முகங்களை வெட்டினார்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் கப்பலேறி எங்களிடம் வந்தார்கள். செதுக்கியதும் உடைத்ததும் ஒரே சனம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். உனக்கு அது விளங்கவேண்டியிருந்தது. அன்றைக்கு ஸ்ட்ரீற்காரில் ஏறிய நீ இன்னும் இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒல்லாந்தர் குடியேறிவிட்டார்கள். லைப்ரரியிலிருந்து தூக்க முடியாத புத்தகங்களைத் தூக்கி வருவாய். அவர்களுடைய பெயர்கள் என் வாயில் நுழையாது, அதனால் நானும் அப்பாவும் பட்டப்பெயர் வைத்தோம். இளம் வயதிலிருந்து கிழவனாகும்வரை தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவர் 'கண்ணாடிக்காரர்'. அவருடைய கடைசிப் படங்களில் ஒன்றைப் பார்த்து நான் அழுதேன், மனைவியையும் பிள்ளைகளையும் தனக்கு முன்னால் புதைத்த முகம் அது என்று நீ சொல்லாமலே தெரிந்தது. மேசையில் சிப்பியும் றால் வகையும் வைத்து, எலுமிச்சம்பழத்தை அரைவாசி உரித்துத் தோலைத் தொங்கவிட்டு வரைகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் சமையலறையில் யாராவது அப்படிச் செய்தால் சுப்பவைசர் விடமாட்டார். பத்துப் பிள்ளை பெற்றும், எண்பது வயதுக்குப் பிறகும் பூக்களை வரைந்த அந்தப் பெண்தான் என் ஆள். ஓவியர்கள் குடும்பம் நடத்த மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவரைத்தான் இழுத்து விடுவேன். கோடும் கட்டமும் மூன்று நிறமுமாக வரைந்த பிந்திய காலத்துக்காரரை நீ காட்டியபோது அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆள் மாஸ்கிங் டேப் நல்லா ஒட்டியிருக்கிறார்" என்றார். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். இந்தக் காலத்தில் கடற்கரையில் குழாய்களால் மிருகம் கட்டிக் காற்றில் நடக்கவிடுகிற ஒருவரையும் காட்டினாய். "உது நல்லம், பெயின்ற் தேவையில்லை" என்றார் அப்பா. அப்பாவும் நீயும் ஒரே ஃபோனுக்குள் தலையை வைத்துப் பார்த்தது அந்த நாட்களில்தான்.

ஆனால் நான் படங்களைப் பார்த்ததைவிட அவர்களுடைய சாவைத்தான் அதிகம் பார்த்தேன், அது உனக்குத் தெரியாது. சின்னச் சங்கிலியில் கட்டிய குருவியை வரைந்தவர் இருக்கிறாரே, அவர் வீட்டில் இருந்து வரைந்துகொண்டிருந்த நேரம் ஊரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து வீடு அவர் மேல் இடிந்து விழுந்தது என்று வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவருக்கு உன்னைவிடச் சில வயதுதான் கூட. நானும் அப்பாவும் எந்தக் குண்டுகளுக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்தோம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. படம் வரைகிறவன் வீட்டோடு இருப்பான், ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவும் போயிற்று. உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி, ஆனால் நீ குடியிருக்கப்போகிற வீட்டில் காஸ் அடுப்பா மின்சார அடுப்பா என்று கேட்டுச் சொல்.

இனி நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். நீ அறிந்ததுதான், ஆனால் கோபத்தில் பாதியில் எழுந்து போய்விட்டாய், என் பக்கத்திலிருந்து யாரும் உனக்குச் சொல்லவில்லை. ஒல்லாந்தில் ஊட்ரெக்ட் நகரில் பழைய தேவாலயங்களின் மரச்சிலைகளைப் பழுதுபார்க்கிற பட்டறையில் உன்னைப் பழக எடுக்கலாம் என்று கடிதம் வந்தபோது நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கையால் செய்த ஓர் உருவத்தை நீயே கொண்டுவந்து காட்டவேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு என்று இருந்தது. பகலில் கிச்சின் கபினெற் கடையில் நின்றுவிட்டு வந்து, பின்னேரங்களில் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்து நீ சூசையப்பரைச் செதுக்கத் தொடங்கினாய். பனிக்காலம் முழுக்க எங்கள் கம்பளத்தில் மரச்சீவல். தச்சரான சூசையப்பர் ஒரு கையில் பாலன் யேசுவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் முழக்கோலோடு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறார். அப்பா இரவு வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணியோடு கதிரையைப் போட்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் இருவரும் கதைத்தது குறைவு. எனக்கு அது நல்ல காலமாகத்தான் பட்டது.

அப்பா என்ன நினைத்துக்கொண்டு அங்கே இருந்தார் என்பதை நீ யோசித்துப் பார்த்தாயா? இருபது வருடத்துக்கு மேலாக, நெளிந்த கார்களைத் திருத்துகிற பொடி ஷொப்பில் ஸ்பிறே பெயின்ற் அடிக்கிற மனிதன். ஒவ்வொரு வருடமும் ஆனி மாதத்தில் திருவிழாவுக்கு முன் எங்கள் கோயில் அந்தோனியாரைக் கீழே இறக்கி, வெடிப்பை அடைத்து, மினுக்கி, புதுப் பெயின்ற் அடித்துக் கொடுக்கிறவரும் அவர்தான். எங்கள் சனத்துக்குச் சொரூபம் என்றால் பெயின்ற் அடித்த சொரூபம். அங்கி மண்ணிறம், கன்னம் றோஸ், கண் திறந்திருக்கவேண்டும். பெயின்ற் இல்லாத சொரூபத்தை மந்திரித்து ஆசீர்வதிக்கக் கொண்டுபோனால் பங்குச் சுவாமியாரே முடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மகன் செதுக்குகிறான், முடிந்ததும் தன்னுடைய முறை வரும் என்று அந்த மனிதன் பனிக்காலம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார், தம்பி. நீ ஒருநாளும் இது வெறும் மரமாகவே நிற்கும் என்று சொல்லவில்லை. அவரும் ஒருநாளும் கேட்கவில்லை. ஒருவர் சொல்லத் தேவையில்லை என்று நினைக்க, மற்றவர் கேட்கத் தேவையில்லை என்று நினைக்க, அதற்குள் சூசையப்பர் மாட்டிக்கொண்டார்.

நீ மொன்றியலுக்குப் போயிருந்த கிழமையில் அவர் சொரூபத்தைப் போர்வையில் சுற்றிப் பொடி ஷொப்புக்குக் கொண்டுபோனார். உளி போன தடங்களையெல்லாம் நெளிவு என்று நினைத்துவிட்டார். காரில் நெளிவு இருந்தால் என்ன செய்வார்? ஃபில்லர் போட்டு மட்டமாக்குவார். அதைத்தான் செய்தார். பிறகு பிறைமர், பிறகு நிறம், அதற்கு மேல் மினுக்கத்துக்குக் கிளியர் கோட். நிறங்களை அவர் எவ்வளவு யோசித்து எடுத்தார் என்று எனக்குத் தெரியும், சாப்பிடும்போதுகூட நிற அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணை மட்டும் ஸ்பிறேயால் அடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னைப் பக்கத்தில் லைற் பிடிக்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வைத்தார். றோஸ் அன்ரி வந்து பார்த்து, "கண் வைச்சாப் பிறகுதான் அண்ணை முழுமை" என்றா. நானும் வடிவு என்றுதான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன், அவர் செய்த வேலைகளில் அதைவிடத் திறமானதை நான் பார்க்கவில்லை.

நீ பையோடு உள்ளே வந்தாய். அப்பா ஹோல் லைற் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். சூசையப்பர் புதுக் கார்போல மினுங்கிக்கொண்டு நின்றார். உன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன், அப்பா பார்க்கவில்லை, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹூ ஆஸ்க்ட் யூ?" என்று கேட்டாய்.

"என்னடா?"

"இது கார் இல்லை அப்பா. பட்டறைக்காரருக்கு உளி அடையாளம் தெரியவேணும். அதைத்தான் பாக்கப் போயினம். எல்லாத்தையும் மூடிப்போட்டீங்கள். இற்ஸ் றூயின்ட்."

"கார் எண்டாக் காசு வாங்கியிருப்பன்" என்றார் அப்பா. அவருக்கு வலித்தால் அப்படித்தான் கதைப்பார், அது உனக்கும் தெரியும். நீ பெயின்ற் கழற்றுகிற மருந்தைக் கொண்டுவந்து சூசையப்பரின் வலது காலில் ஊற்றினாய். பெயின்ற் சுருண்டு, பொங்கி, தோல்போல உரிந்தது. அப்பா அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நேரத்துக்கு முன்னமே வேலைக்குப் போனார். "எனக்கு இனி உது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நீயும் போனாய். ஒரு கால் மட்டும் வெறும் மரமாக, மற்றதெல்லாம் மினுங்க, அவர் எங்கள் ஹோலில் தனியாக நின்றார். நான் மண்ணெண்ணெய் மணம்போல வந்த அந்த மணத்துக்குள் இருந்து அழுதேன்.

நான் ஊரிலிருந்து வெளிக்கிட்ட அன்று என் அப்பாவும் பஸ்ஸடிக்கு வரவில்லை. போகவேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை என்ற கோபம். வேலியைக் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டார். நானும் பிடிவாதமாகப் போய்ச் சொல்லாமல் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு, இங்கே வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் இருந்த காலத்தில், ஃபோன் காட் வாங்கி அவருடன் பேசினேன். சுகமா, சாப்பிட்டியா, மழையா என்று கேட்டார். கடைசிவரை அதைத்தான் கேட்டார். வேலி கட்டிய பின்னேரத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. தூரத்துக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் ஃபோனில் சரிக்கட்டலாம் என்று நினைக்காதே. ஃபோனில் மழையைப் பற்றித்தான் கதைக்க முடியும். நான் பட்டது எனக்குத் தெரியும், அதனால்தான் உன்னைப் போட்டு இப்படி அரிக்கிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன பெரிய புத்தகம் உன் மேசையில் கிடந்தது. லைப்ரரிப் புத்தகம், நாள் முடியப்போகிறது, அது வேறு கவலை. பக்கம் பக்கமாக ஃபோனில் படம்பிடித்துத் தமிழில் மாற்றி வாசித்தேன். பாதி உளறலாக வந்தது, ஆனால் ஒரு விஷயம் தெளிவாக வந்தது. அந்தக் காலத்து ஒல்லாந்தில் பெரிய மரச்சொரூபங்களைச் செதுக்கியவர் ஓர் ஆள், பெயின்ற் அடித்தவர் இன்னோர் ஆள். இரண்டும் இரண்டு தொழில், பல ஊர்களில் இரண்டுக்கும் வேறு வேறு சங்கம். செதுக்கி முடிந்ததும் பெயின்ற்காரரிடம் போகும். அவர் மரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணப்பசை பூசி, மட்டமாக்கி, கன்னத்துக்கு நிறம் கொடுத்து, அங்கிக்குப் பொன் வைத்து, கண்ணைத் திறப்பார். நீ கும்பிடுகிற அந்த வெறும் மரச்சிலைகளில் பல, பிற்காலத்தில் யாரோ பெயின்ற்றைச் சுரண்டி எடுத்ததால் வெறும் மரமானவை. மடிப்புகளுக்குள் இன்னும் நீலமும் சிவப்பும் இருக்கிறதாம். நீ இதையெல்லாம் எனக்கு முன்னமே படித்திருப்பாய். ஆனால் அப்பாவைப் பார்த்துக் கத்தியபோது அது உனக்கு ஞாபகம் வரவில்லை. உன் அப்பா உன்னுடைய ஒல்லாந்தரைப்போலத்தான் நடந்திருக்கிறார், ஐந்நூறு வருடம் பிந்திவிட்டார், அவ்வளவுதான்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. உன்னுடைய வேலை, உன்னைக் கேட்டிருக்கவேண்டும். நான் சொல்வது வேறு. அங்கே போய் நீ செய்யப்போவது மற்றவர்களுடைய வேலைக்கு மேல் கை வைக்கிற வேலை. எவனோ ஒருவன் செதுக்கியதற்கு மேல் இன்னொருவன் பூசியிருப்பான், அதற்கு மேல் வேறொருவன் கிறுக்கியிருப்பான். எல்லோரும் ஏதோ ஒன்றை நினைத்துத்தான் செய்திருப்பார்கள். மருந்துப் போத்தலைத் திறக்குமுன் ஒருதரம் நின்று, இவன் ஏன் இப்படிச் செய்தான் என்று கேள். உடைத்தவனைக்கூடக் கேள். அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வயதில் நீதான் என்னிடம் கேட்டாய். வீட்டில் இருக்கிறவனிடம் கேட்க மட்டும் மறந்துபோனாய்.

அதே புத்தகத்தில்தான் இன்னொன்றையும் வாசித்தேன். உன் ஓவியர்களில் ஒருவருடைய தாய், வீடு மாறும்போது மகனுடைய படங்கள் கிடந்த பெட்டிகளை ஒரு தச்சுவேலைக்காரரிடம் விட்டுவிட்டுப் போனாவாம். திரும்ப எடுக்கவே இல்லை. கடைசியில் பழைய சாமான்காரனுக்குப் போயிற்றாம். அந்தத் தாய் மகனை வெறுத்தவ இல்லை, அவவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. நாங்களும் இப்படித்தான் நிற்கப்போகிறோமோ என்று நினைத்தேன். என் மகனுடைய வேலையை ஹோலில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வதென்று தெரியாமல், ஒருநாள் ஸ்ரோறேஜுக்குள் தள்ளிவிட்டு. அன்றைக்குத்தான் அப்பாவிடம் போய், "உதுக்கு ஒரு வழி பாருங்கோ" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் காலை ஷிஃப்ற்றுக்கு மாறிக்கொண்டார். நான் வேலையால் வரும்போது பல்கனியில் இருப்பார், மடியில் பழைய துவாய், துவாயில் சூசையப்பர். நீ ஊற்றிய மருந்து மரத்தைக் கருக்கும் என்று அதைத் தொடவில்லை. மெதுவாக வேலை செய்கிற வேறொரு பசை மருந்து எங்கேயோ விசாரித்து வாங்கிவந்தார். காது குடையும் பஞ்சுக்குச்சியாலும், பல்குத்தும் குச்சியாலும், என்னுடைய பழைய பல்துலக்கும் பிரஷாலும் தன்னுடைய பெயின்ற்றைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறார். கிளியர் கோட், நிறம், பிறைமர், ஃபில்லர். போட்ட ஒழுங்கின் மறுபக்கமாக ஒவ்வொன்றாக. முகமூடி போடச் சொன்னால் வேர்க்கிறது என்று கழற்றிவிடுகிறார், இருமுகிறார், நான் திரும்பப் போட்டுவிடுகிறேன். அதோடு மேல்வீட்டுக்காரி மணம் என்று கட்டட ஒஃபீஸில் முறைப்பாடு கொடுத்துவிடுவாளோ என்ற பயம் வேறு. ஆனால் உன் உளித் தடங்கள் அப்படியே இருக்கின்றன, தம்பி, அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். ஃபில்லர் அவற்றை மூடியதே தவிர அழிக்கவில்லை. மரத்தின் துளைகளுக்குள் அங்கங்கே ஒரு வெள்ளை நிற்கிறது, அது போகாது என்கிறார். உன்னுடைய பழைய சிலைகளிலும் நிற்கிறதுதானே.

நேற்று நான் வரும்போது அவர் வேலை செய்யாமல் சும்மா இருந்தார்.

"இஞ்ச வாரும். இந்த மூக்கைப் பாரும்" என்றார்.

பார்த்தேன்.

"உது என்ர மூக்கு. நெத்தியும் என்ரதான்."

"எனக்கு மாசி மாதமே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் விரலால் அந்த மூக்கைத் தடவினார். பிறகு, "என்ர முகத்துக்கே ஃபில்லர் போட்டு மட்டமாக்கியிருக்கிறன்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. சொரூபத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கி வெறும் மரம், கை வெறும் மரம், பாலன் வெறும் மரம், கன்னம் வெறும் மரம். கண் இரண்டும் மட்டும் அவர் வைத்தபடியே இருக்கிறது, மண்ணிறத்தில், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியோடு.

"கண்ணை நான் எடுக்கேல்லை. எனக்கு ஏலாது. அவன் வந்து எடுக்கட்டும். வேண்டாமெண்டா விடட்டும். அது அவன்ர வேலை."

உன்னுடைய ஒல்லாந்தர் சுத்தியலோடு போனபோது முகத்தைத்தான் முதலில் வெட்டினார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். உன் அப்பா எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

சனிக்கிழமை அவர் லீவு போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். காருக்கு ரயர் மாற்றவேண்டுமாம். பனி ரயரைச் சித்திரையிலேயே கழற்றியாயிற்று, இந்த ஆனி மாதத்தில் எந்த ரயரை மாற்றப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. நீயும் வந்து கேட்காதே. உன்னுடைய மெல்லிய உளியை எடுத்துக்கொண்டு வா.

அம்மா